நாகாவில் ஒரு ஹனிமூன் அறை

இன்ஷூரன்ஸ் ஆபீசில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஷ்யாமளா ஓய்வு பெற்றபோது, சான்பாடாவில் குடியிருக்கும் மகன் ஆதர்ஷ் அவளுக்கு ஒரு பரிசு கொடுத்தான். அலிபாக் பக்கம் நாகாவ் கடற்கரையில் ஒரு ரிசார்ட். இரண்டு நாள், இரண்டு பேருக்கு. போனில் புக் செய்ததை அச்செடுத்து, உறையில் போட்டு, மாதுங்கா வீட்டுக்கே வந்து அம்மா கையில் கொடுத்தான்.

ஜகந்நாதன் அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்தார். "ஜனவரியில பஜனை சமாஜத்துல உத்சவம் இருக்கே ஷ்யாமளா, நான் எப்படி வரது?" என்றார்.

"உங்களை யார் கூப்பிட்டா? நான் ஆபிதாவைக் கூட்டிண்டு போறேன்."

அதைக் கேட்டதும் அவர் முகத்தில் பரவிய நிம்மதியைப் பார்த்து ஷ்யாமளாவுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

ஆபிதாவுக்குத் தாராவியில் ஒரு தையல் பட்டறை. ஆறு மெஷின், கல்யாண பிளவுஸ்தான் முக்கிய வேலை. எட்டு வருஷத்துக்கு முன் சயனில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில்தான் இருவரும் சந்தித்தார்கள். இருவருக்கும் வலது தோள் இறுகிப்போயிருந்தது. சுவரில் மாட்டிய உருளையில் கயிறு; ஒரு கையால் இழுத்து மறு கையைத் தூக்க வேண்டும். ஷ்யாமளா பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கயிற்றில் ஒரு பெண், "யா ரப்பே, என் தோளு போச்சே!" என்று திருநெல்வேலித் தமிழில் அலறினாள். "எனக்கும்தான்" என்று ஷ்யாமளா வாய்விட்டு அழுதாள். ஆறு வாரத்தில் தோள் இரண்டும் சரியாகிவிட்டன. சிநேகிதம் மட்டும் விடவில்லை. ஆபிதா மூன்று வயது இளையவள். அன்றைக்கு "மாமி" என்று கூப்பிட ஆரம்பித்தது அப்படியே நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை கேட்வேயில் படகு ஏறி, மாண்ட்வாவில் இறங்கி, பஸ்ஸும் ஆட்டோவுமாக இருவரும் நாகாவ் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. படகில் ஏறும்போது ஆபிதா பலகையைக் காலால் தடவித் தடவி ஏறினாள். "என்னடி, டான்ஸ் ஆடறே?" என்றாள் ஷ்யாமளா. "கடலுக்கு ஒரு சலாம் வெக்கேன்" என்றாள் ஆபிதா.

ரிசார்ட் மேனேஜர் வைஷாலி, மராத்திக்காரி, இவர்களைப் பார்த்ததும் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். மறுபடி இவர்களைப் பார்த்தாள். பிறகு சாவியைக் கொடுத்துவிட்டாள். ஏன் அப்படிப் பார்த்தாள் என்பது கதவைத் திறந்ததும் புரிந்தது. கட்டில் நிறைய ரோஜா இதழ். கண்ணாடியில் சிவப்புக் காகித இதயங்கள். கட்டில் நடுவே வெள்ளைத் துண்டை மடித்துச் செய்த இரண்டு அன்னங்கள், மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு.

முதலில் உள்ளே போனவள் ஆபிதா. போன வேகத்தில் வெளியே வந்தாள்.

"மாமி, ரூமுக்குள்ள ரெண்டு வாத்து உக்காந்திருக்கு!"

"வாத்தா?"

"சன்னல தொறந்து போட்டிருப்பாவ. இருங்க, நான் வெரட்டுதேன்." கைப்பையைத் தூக்கிக்கொண்டு, "ஷூ! ஷூ! போ அங்கன!" என்று கட்டிலை நோக்கி வீசினாள். ஓர் அன்னம் சரிந்து, வெறும் துண்டாகக் கீழே விழுந்தது.

ஷ்யாமளா வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஆபிதா விழுந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாத்து நல்லா மெத்துனு இருக்கு" என்றாள். இவளைப்போல் சிரிக்கவைக்க யாரால் முடியும் என்று நினைத்தாள் ஷ்யாமளா. ஆதர்ஷுக்குப் போன் செய்தாள். அவன் பதறிப்போனான். "சாரி அம்மா, கப்பிள் பேக்கேஜ்ல சீக்ரம் ரூம் கிடைச்சது. ஹனிமூன்னு நான் பார்க்கவே இல்லை."

வெயில் தாழ்ந்ததும் கடற்கரைக்குப் போனார்கள். தொப்பி, நீச்சல் உடை, பிளாஸ்டிக் வாளி விற்கும் ஒரு கடை. வாசலில் சிவப்புச் சட்டையும் ஆரஞ்சு மிதவை ஜாக்கெட்டும் போட்டு இடுப்பில் கைவைத்தபடி ஒருவன் நின்றான். ஆபிதா நேராக அவனிடம் போய்த் தொப்பி விலை கேட்டாள்.

"பையா, யே டோப்பி கித்னா?"

அவன் பதில் சொல்லவில்லை.

"அரே பையா, கித்னா?"

அவன் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆபிதாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வயசுக்காவது மரியாதை வேணாமா? வாயத் தொறந்து சொன்னா முத்து கொட்டிருமோ?"

கடைக்காரர் உள்ளேயிருந்து ஓடிவந்தார். "பஹன்ஜி, வோ புத்லா ஹை!" என்றார். துணிக்கடைப் பொம்மைதான். ஒரு கணம் ஆபிதா அசையாமல் நின்றாள். அப்புறம் பொம்மையின் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "அதான் இவ்வளவு பொறுமையா இருந்தான். நம்ம வீட்டு ஆம்பளைவளும் இப்படி இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றாள். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது; ஷ்யாமளா சிரித்த சிரிப்பைப் பார்த்து அவரும் சிரித்தார்.

ஆபிதாவும் சிரித்தாள். ஆனால் திரும்பி வரும்போது ஷ்யாமளாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மணலில் நடப்பது கஷ்டம் என்றாள்.

சாயங்காலம் ஏழரைக்கு, ஹனிமூன் பேக்கேஜின்படி, கடலோரத்தில் மெழுகுவத்தி விருந்து. தென்னை மரத்தடியில் நாலைந்து மேஜைகள். ஒவ்வொன்றிலும் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு சின்ன மெழுகுவத்தி. இருட்டில் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. கிடாருடன் ஒருவன் வந்து இவர்கள் மேஜை முன்னால் நின்றான், இருவரையும் மாறி மாறிப் பார்த்தான், என்ன பாடுவது என்று தெரியாமல் ஒரு பக்திப் பாட்டை ஆரம்பித்தான். ஷ்யாமளா கடுகு நிறப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். பனீர் அவளுக்கு, பாம்ஃபிரெட் மீன் ஆபிதாவுக்கு என்று சொல்லியிருந்தார்கள்.

ஆபிதா கை கழுவப் போனாள். திரும்பி வந்தவள் இரண்டு மேஜை முன்னாலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எதிரே கடுகு நிறத்தில் யாரோ குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஷ்யாமளா கூப்பிட வாயைத் திறப்பதற்குள் ஆபிதாவின் குரல் கடற்கரை முழுக்கக் கேட்டது.

"மாமி! என்ன மாமி இது! மீனா திங்கிய?"

கடுகு நிறத்தின் கை தட்டிலேயே நின்றது.

"வாடை வருதுல்லா, எனக்குத் தெரியாதா? மாமாவுக்குத் தெரியுமா?"

அந்த உருவம் மெல்ல நிமிர்ந்தது. வழுக்கைத் தலை, மூக்குக்கண்ணாடி, கனத்த மீசை, கடுகு நிறக் குர்த்தா. "தெரியாதும்மா" என்றது தமிழில். "மாமாவுக்கும் தெரியாது, மாமிக்கும் தெரியாது. தயவுபண்ணி யார்கிட்டயும் சொல்லிடாதேங்கோ."

பெயர் பத்ரிநாராயணன் என்று சொல்லி, தட்டையும் எடுத்துக்கொண்டு இவர்கள் மேஜைக்கே வந்துவிட்டார். செம்பூர்க்காரர். மறுநாள் காலை பத்தரைக்கு இதே ரிசார்ட் புல்வெளியில் அவர் மகள் ரஞ்சனாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அலிபாக்கைச் சேர்ந்த மராத்திப் பையன்.

"அவா ஆத்துல மீன் இல்லாம விருந்து கிடையாதாம். சம்பந்தி ஆசையா நீட்டினா முகத்தைச் சுளிக்கப் படாது பாருங்கோ. அதான் ஒரு மாசமா பழகிண்டிருக்கேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்ப பழக்கம் விட மாட்டேங்கறது" என்றார்.

ஷ்யாமளா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கொஞ்சம் பெருமையும் வந்துவிட்டது. "இவ யாருன்னு நினைச்சேள்? தாராவியில கல்யாண பிளவுஸ்னா ஆபிதாதான். கண்ணை மூடிண்டு தைப்பா."

ஆபிதா தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தாள். மீனில் பாதியை அப்படியே விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை எட்டரைக்குக் கதவு படபடவென்று தட்டப்பட்டது. பத்ரிநாராயணன் வேட்டி அங்கவஸ்திரத்தோடு மூச்சு வாங்க நின்றார். "அம்மா, நீங்கதான் காப்பாத்தணும். ரஞ்சனாவோட பிளவுஸ் பூட்ட மாட்டேங்கறது. ரெண்டு விரக்கடை இடைவெளி நிக்கறது. பொண்ணு ரூம்ல எல்லாரும் அழுதுண்டிருக்கா."

ஆபிதாவின் முகம் வெளுத்தது. "நான் எதுவும் கொண்டு வரலியே. ஊசி நூலுகூட இல்லை."

"அதெல்லாம் அங்கே இருக்கு."

"வேற யாராவது..."

"வேற யாருடி இந்த மணல்ல?" ஷ்யாமளா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "நீ போய்த் தொட்டா போறும். வா."

மணப்பெண் அறையில் ரஞ்சனா பாவாடையும் துண்டுமாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கண் மை வழிந்திருந்தது. "ட்ரையல்ல ஃபிட் ஆச்சு ஆன்ட்டி. கசம் சே, சத்தியமா" என்றாள். "மூணு வாரமா சங்கீத், பார்ட்டின்னு லட்டா தின்னா" என்றாள் அவள் அம்மா. இரண்டு மூன்று உறவுக்காரிகள் சுற்றி நின்று அவரவர்க்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆபிதா அரக்குப் பட்டு பிளவுஸை வாங்கி உட்புறமாகத் திருப்பினாள். விரல்கள் ஓரத் தையலின்மேல் ஓடின. கண்ணால் அவள் பார்க்கவே இல்லை. "ரெண்டு பக்கமும் துணி உள்ள விட்டிருக்கான். பக்கத்துக்கு முக்கால் இஞ்சு வரும். நல்ல டெய்லர்தான். பிரிச்சு வெளிய தள்ளித் தச்சா போதும்" என்றாள். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

ஒருத்தி ஊசியையும் நூலையும் நீட்டினாள்.

ஆபிதா நூல் நுனியை நாக்கில் நனைத்தாள். ஊசியைத் தூக்கிப் பிடித்தாள். நூல் ஊசியின் காதுக்குப் பக்கத்தில் போயிற்று, உள்ளே போகவில்லை. மறுபடி நனைத்தாள். மறுபடி தப்பியது. சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். மூன்றாவது முறை நூல் ஊசிக்கு ஒரு விரல் அகலம் தள்ளியே போயிற்று. அவள் உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது. நேற்றுக் கடை வாசலில் பொம்மையின் தோளைத் தட்டியபோது இருந்த அதே சிரிப்பு.

ஷ்யாமளாவுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கட்டிலில் இருந்த வாத்து. பதில் சொல்லாத கடைக்காரன். மீன் தின்ற மாமி. படகுப் பலகையைத் தடவிய கால். இவள் ஒன்றையும் வேடிக்கைக்குச் செய்யவில்லை. இவளுக்குக் கண் தெரியவில்லை. இரண்டு நாளாக நான் பக்கத்தில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

உறவுக்காரிகள் ஒருவரையொருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். ஷ்யாமளா எழுந்துபோய் ஊசியை வாங்கிக்கொண்டாள்.

"இங்கே கொண்டா. எல்லாம் மறந்து போச்சா ஒனக்கு?" என்றாள் சத்தமாக. பிறகு மற்றவர்களிடம் திரும்பி, "இவ கடையில இவ ஊசியைத் தொடவே மாட்டா. இவ சொல்லுவா, அசிஸ்டெண்ட் தைப்பா. இன்னிக்கு நான்தான் அசிஸ்டெண்ட்" என்றாள். முப்பத்தாறு வருஷம் ஒரு ஃபைலில் ஒரு தேதியைக்கூட மாற்றி எழுதாதவள், இதை ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னாள்.

கடைசியாக அவள் ஊசி பிடித்தது ஆதர்ஷின் பள்ளிக்கூடச் சட்டைக்குப் பித்தான் வைக்க. ஆபிதா பிளவுஸைத் தன் மடியில் விரித்தாள். இடது கை ஆள்காட்டி விரலைத் துணியின் ஓரத்தில் வைத்தாள்.

"என் விரலுக்குப் பின்னாலயே வாங்க மாமி. அவசரப்படாதீங்க. ஒரு அரிசி தூரம், திரும்ப ஒரு அரிசி தூரம்."

விரல் மெல்ல நகர, ஷ்யாமளா பின்னாலேயே தைத்துக்கொண்டு போனாள். உள்ளங்கை வியர்த்தது. நடுவில் ஆபிதா தையல்மேல் விரலை ஓட்டி, "இந்த ரெண்டும் கோணலா போச்சு, பிரிங்க" என்றாள். கண் தெரியாதவளுக்கு அது தெரிந்தது; கண்ணாடி போட்ட ஷ்யாமளாவுக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் தூரம் போனதும் ஆபிதா மெதுவாக, "மாமி, இப்ப தைக்கது துணி இல்ல, என் விரலு" என்றாள். ஷ்யாமளா பதறிப்போய்ப் பார்த்தால், அதற்கு முன்னாலும் இரண்டு இடத்தில் குத்தியிருந்தது. அப்போதெல்லாம் ஆபிதா வாயே திறக்கவில்லை.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. ரஞ்சனா பிளவுஸைப் போட்டாள். கொக்கிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. "மூச்ச நல்லா இழுத்து விடு தாயி" என்றாள் ஆபிதா. ரஞ்சனா இழுத்தாள், விட்டாள், ஒன்றும் தெறிக்கவில்லை. அவள் ஓடிவந்து இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். வெளியில் பத்ரிநாராயணன் யாரிடமோ போனில், "தாராவியிலேந்து ஸ்பெஷலா வந்திருக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாணத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து தாலி கட்டும்வரை பார்த்தார்கள். மராத்திக்காரர்கள் அட்சதை போட்ட வேகத்தில் ஆபிதாவின் தலை முழுக்க அரிசி. அப்புறம் பாயசக் கோப்பைகளோடு இருவரும் கடற்கரைப் பக்கம் நழுவினார்கள். கவிழ்த்துப் போட்ட ஒரு மீன்பிடிப் படகின் நிழலில் ஷ்யாமளா அவளை உட்காரவைத்தாள்.

"எத்தனை நாளா?"

ஆபிதா பாயசத்தைக் கரண்டியால் கிளறினாள். "போன மழைக்கு முன்னால இருந்தே. முதல்ல புகை மாதிரி இருந்துச்சு. இப்ப பால் ஊத்துன மாதிரி இருக்கு."

"ஜுவைரியாவுக்குத் தெரியுமா?"

"மருமவளுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே மெஷின மூடிருவா. கட்டிங் பூரா கையால தடவித்தான் பண்ணுதேன். தையல் பிள்ளைவள விட்டுப் பாக்கச் சொல்லுதேன்."

"என்கிட்ட ஏன்டி சொல்லலை?" ஷ்யாமளா அவள் கரண்டியைப் பிடித்து நிறுத்தினாள். "நான் ரெண்டு நாளா சிரிச்சேனே. பைத்தியக்காரி மாதிரி சிரிச்சேனே."

"சிரிச்சியன்னுதான் எனக்கு தைரியமா இருந்துச்சு மாமி. தனியா இருக்கையில சுவத்துல இடிச்சா பயமா இருக்கும். நீங்க சிரிக்கையில அது ஒரு தமாஷ் மாதிரி ஆயிருது. நானும் அப்படியே நெனச்சுக்கிடுவேன்."

கல்யாணப் பந்தலிலிருந்து ஷெனாய் கேட்டது. டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று ஷ்யாமளா கேட்டாள். ஆபிதா தன் அக்கா நூர் நிஷாவைப் பற்றிச் சொன்னாள். மேலப்பாளையத்தில் இருபத்தைந்து வருஷத்துக்கு முன் அவள் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டாள். சீழ் பிடித்து அந்தக் கண்ணே போய்விட்டது. "அந்தக் கண்ண நான்தான் தொடச்சு விட்டேன். இப்ப மங்கலாவாவது தெரியுதுல்லா. அதுவும் போயிட்டா?"

"இதோ பார். போன வருஷம் ஆத்துக்காரருக்குப் பண்ணினோம். கார்த்தால போனார். மத்தியானம் தயிர் சாதம் சாப்பிட்டார். அடுத்த நாள் டிவியில ஓடற எழுத்தைப் படிச்சு, தப்புத் தப்பா போடறான்னு திட்டினார். அன்னிலேந்து ஆத்துல தூசி இருக்குன்னு தினமும் சொல்றார். எனக்குத்தான் நஷ்டம்."

ஆபிதா சிரிக்கவில்லை. பாயசக் கோப்பையை மணலில் வைத்துவிட்டு, கையை நீட்டித் தடவி ஷ்யாமளாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஷ்யாமளா, நீ வருவியா?" என்றாள்.

எட்டு வருஷத்தில் அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஷ்யாமளா போனை எடுத்தாள். கிங்ஸ் சர்க்கிளில் ஜகந்நாதனுக்குப் பார்த்த டாக்டரின் கிளினிக்கைக் கூப்பிட்டு, செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு நேரம் வாங்கினாள். நோயாளியின் பெயர் கேட்டார்கள். சொன்னாள். கூட வருபவர் யார், என்ன உறவு என்று கேட்டார்கள். "லிக்கோ... பஹன்" என்றாள். சகோதரி.

வலது கண்ணுக்கு முதலில் ஆபரேஷன் செய்தார்கள். கட்டுப் பிரித்த அன்று ஷ்யாமளாவும் ஜுவைரியாவும் இரண்டு பக்கமும் நின்றார்கள். கண் மங்கியதை மறைத்ததற்காக மாமியாரிடம் மூன்று வாரமாகப் பேசாமல் இருந்தவள் ஜுவைரியா. இப்போது அவள் கையை விடாமல் பிடித்திருந்தாள். டாக்டர் பஞ்சை எடுத்து, மருந்து விட்டு, மெதுவாகத் திறக்கச் சொன்னார்.

ஆபிதா கண்ணைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். நீர் வழிந்தது. மேலே விளக்கைப் பார்த்தாள், சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். "மெலிஞ்சிட்டியேளா" என்றாள். ஜுவைரியா அழ ஆரம்பித்தாள்.

பிறகு ஷ்யாமளாவின் பக்கம் திரும்பினாள். மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பார்வை தோளில் வந்து நின்றது. புருவம் சுருங்கியது.

"மாமி, இந்த பிளவுஸ எவ தச்சா?"

"ஏன்?"

"தோளு ரெண்டும் ஒரே அளவா இல்ல. இடது கை ஒரு இஞ்சு எறங்கிக் கெடக்கு. கழுத்துப் பட்டி கோணல். இத எப்படிப் போட்டுக்கிட்டு வெளிய வாரிய?"

ஷ்யாமளா டாக்டரைப் பார்த்தாள், ஜுவைரியாவைப் பார்த்தாள். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள்.

"நீதான்டி தைச்சே. தீபாவளிக்கு."

ஆபிதா வாயைப் பொத்திக்கொண்டாள். "யா ரப்பே! மூணு மாசமா ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க!"

"எனக்கு நன்னாத்தான் இருந்தது."

"என்னத்த நல்லா இருந்துச்சு? வீட்டுக்குப் போனதும் கழட்டிக் குடுங்க. பிரிச்சுத் தைக்கணும்."

பதினைந்து நாளைக்கு ஊசியைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஷ்யாமளாவின் தோள் தையலில் ஊர்ந்துகொண்டிருந்த அவளுடைய கை எதைத் தேடுகிறது என்று அவருக்குப் புரிந்திருந்தது.